பதினொன்றா, பன்னிரண்டா?

செப்டம்பர்த் திங்கள் 11ஆம் நாள் என்றவுடன் உலகோர் நெஞ்சில் இன்று எழுவது 2001இல் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்த காட்சியே. தமிழ்க்கவிதையில் தோய்ந்தோர்க்கு அந்நாள் பாரதியின் நாள். அதற்கும் முன்னரே அந்நாளுக்கு ஒரு வரலாறு உண்டு. அது பாரதியோடு தொடர்பற்றதுமன்று.

1893 செப்டம்பர் 11 அன்று சிகாகோவில் சர்வசமயப் பேரவை தொடங்கியது. அன்று எழுந்து பேசிய விவேகானந்தரைக் கடல் கடந்து அனுப்பியதில் சென்னை இளைஞர்களின் பங்கு பெரிது. அளசிங்கப் பெருமாள் என்னும் ஆசிரியர் வீடுவீடாகச் சென்று பொருள் திரட்டினார். இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியும் துணை நின்றார். எட்டயபுரத்துச் சிறுவன் சுப்பிரமணியன் 'பாரதி' பட்டம் பெற்றதும் அவ்வாண்டளவில்தான். பின்னாளில் அவன் குருவாகக் கொண்டது விவேகானந்தரின் மாணவி நிவேதிதையை. 1908இல் வெளிவந்த 'ஸ்வதேச கீதங்க'ளை அவ்வம்மையாருக்கே உரிமையாக்கினான்.

பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1906இல் அதே நாளில், தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரத்து எம்பயர் நாடக அரங்கில் இந்தியர் பெருந்திரளாகக் கூடினர். ஆசியர்கள் கைரேகையிட்டுப் பதிந்துகொள்ள வேண்டுமென்னும் சட்டத்திற்குப் பணிவதில்லை என்று தீர்மானம் வந்தது. அதனை இறைவன் பெயரால் ஆணையிட்டு ஏற்போம் என்றார் ஹாஜி ஹபீப். ஆணை என்னும் சொல் காந்தியடிகளைத் திடுக்கிடச் செய்தது; அதன் பொறுப்பை எடுத்துரைத்த பின்னரே அவர் கூட்டத்தாரை உறுதி ஏற்கச் செய்தார். 'சத்தியாக்கிரகம்' என்னும் பெயர்கூட அன்று பிறந்திருக்கவில்லை. அப்போரில் தம்பி நாயுடு சிறை புகுந்தார். தில்லையாடி வள்ளியம்மை 1914இல் உயிரையே ஈந்தாள். காந்தியைப் பாரதி நேரிற்கண்டது 1919இல், சென்னையில்.

1895இல் வினோபா பாவே பிறந்ததும், 1948இல் ஜின்னா மறைந்ததும், 1957இல் பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொலையுண்டதும் இந்நாளிலேயே. 1973இல் சிலி நாட்டில் படையினர் ஆட்சியைக் கவிழ்க்க, அதிபர் அயேந்தே மாண்டார். பன்னிரண்டாம் நாள் கவிஞர் பாப்லோ நெருதாவும் மறைந்தார்.

இனி 1921. திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளுண்டு மீண்ட பாரதி, ஈரோட்டை அடுத்த கருங்கல்பாளையம் வரை சென்று 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசினான். திரும்பியபின் வயிற்றுக்கடுப்பு பற்றியது. மருந்துண்ண மறுத்தான். இறுதி இரவில் அவன் எண்ணம் ஆப்கானிஸ்தானத்து மன்னர் அமானுல்லாகானைப் பற்றியதாக இருந்தது. அவரைக் குறித்து விடிந்ததும் கட்டுரை எழுதி அலுவலகத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்று அருகிருந்தோரிடம் சொன்னான். நள்ளிரவு கடந்து ஒன்றரை மணியளவில் துளசிங்கப்பெருமாள் கோயில் தெரு வீட்டில் உயிர் பிரிந்தது. அகவை முப்பத்தெட்டு. கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டுக்கு உடன் சென்றோர் மிகச் சிலரே. இன்று எத்தனை மேடைகள் அவனுக்கு!

நாள் பற்றிய வழக்கு இங்கேதான் எழுகிறது. ஆங்கிலக் கணக்கில் நள்ளிரவோடு நாள் மாறும். ஆகவே மாநகராட்சிப் பதிவேட்டில் செப்டம்பர் 12 என்றே உள்ளது. நம் முன்னோர் கணக்கிலோ கதிரவன் எழும்வரை முந்தைய நாளே. துன்மதி ஆண்டு ஆவணித் திங்களின் அந்த ஞாயிறு இன்னும் விடியவில்லை. அருகிருந்தோர்க்கு அது 11ஆம் நாள் இரவுதான். ஆவணத்தைப் போற்றுவோர் பன்னிரண்டு என்பதும், மரபைப் போற்றுவோர் பதினொன்று என்பதும் ஒரே இரவைத்தான். பதிவேடு பொய்யன்று, எனினும் அக்கவிஞனின் வீட்டார் அழுத இரவை எழுத்தர் கணக்கால் மட்டும் அளப்பது பொருந்துமா?

நூற்றாண்டு நிறைந்த 2021இல் தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐயே 'மகாகவி நாள்' என அறிவித்தது. பதிவேட்டில் இருப்பது இன்றும் 12தான்.