பாபநாசம் சிவன்: இசைத்தட்டில் ஏறிய பாட்டுகள்

பாபநாசம் சிவன் (1890–1973) கர்நாடக இசை வாக்கேயக்காரர். பேசும்படத்தின் முதல் இருபது ஆண்டுகளில் தமிழ்ச் சினிமாப் பாட்டுக்கு வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர். பாட்டும் மெட்டும் பெரும்பாலும் அவருடையவையே. 1930, 40களில் இசைத்தட்டு வழியே தமிழ்நாடெங்கும் பரவிய எம். கே. தியாகராஜ பாகவதர் பாட்டுகளில் பெரும்பகுதி இவர் எழுதியது. கீர்த்தனை சிவன் ஒருவர், சினிமா சிவன் இன்னொருவர் என்று பிரித்துப் பேசும் வழக்கம் இசை விமர்சனத்தில் உண்டு. பதிவுகளை வரிசையாகக் கேட்பவருக்கு அந்தப் பிரிவினை நிற்காது.

அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் போலகத்தில் பிறந்தவர். வீட்டில் வழங்கிய பெயர் ராமையா. ஏழு வயதில் தந்தையை இழந்தார். தாய் யோகாம்பாள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருவனந்தபுரம் போய்ச் சேர்ந்தார். அங்கே மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் ராமையா வியாகரணம் படித்தார். வாக்கேயக்காரர் நீலகண்ட சிவனின் பாடல்கள் அவரைப் பற்றிக்கொண்டதும் அங்கேதான். 1910இல் தாய் இறந்தபின் காவிரிக்கரைக்குத் திரும்பி, அண்ணன் ராஜகோபால அய்யர் இருந்த பாபநாசத்தை ஒட்டி வாழ்ந்தார். ஊர் ஊராகக் கோயில் பஜனை. உடம்பெல்லாம் திருநீறு பூசிப் பாடிய இளைஞரைக் கணபதி அக்கிரகாரத்து மக்கள் 'பாபநாசம் சிவன்' என்று அழைக்க, அதுவே பெயராக நிலைத்தது. பாடகர் கோனேரிராஜபுரம் வைத்தியநாதய்யரிடம் பழகிப் பெற்ற இசைஞானம் பிற்கால மெட்டுகள் எல்லாவற்றிலும் தெரியும். முதல் கீர்த்தனை திருவாரூர்த் தியாகேசர் மீது, குந்தலவராளியில் அமைந்தது. தியாகய்யரின் தெலுங்குக் கீர்த்தனை ஒன்றின் மெட்டைப் பின்பற்றியது. கர்நாடக இசை மும்மூர்த்திகளும் பிறந்த ஊரில், அவர்களில் ஒருவர் போட்ட தடத்தில் தமிழை நடக்கவிட்டுப் பழகியவர் என்பது கவனிக்கத்தக்கது. பின்னாளில் 'தமிழ்த் தியாகய்யர்' என்ற அடைமொழி அவருக்குச் சும்மா வரவில்லை.

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' (1931) வந்தபோது பாட்டு எழுதியவர் மதுரை பாஸ்கரதாஸ். நாடக மேடையிலும் கிராமபோன் தட்டிலும் முன்பே புகழ்பெற்றிருந்தவர். ஆரம்பகாலச் சினிமாப் பாட்டு அந்த நாடகக் கொட்டகையிலிருந்து வந்ததே. சிவன் வந்த வழி வேறு: மயிலாப்பூரில் குடியேறி, மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோயில் மாடவீதிகளில் பஜனை நடத்திக்கொண்டிருந்த மனிதர் அவர். எஸ். ராஜம் ராமனாக நடித்த 'சீதா கல்யாணம்' (1934) அவரைத் திரைக்குக் கொண்டுவந்தது. ராஜத்தின் தம்பி, பின்னாளில் வீணையில் பேர்பெற்ற எஸ். பாலசந்தர், சிறுபிள்ளையாக அந்தப் படத்தில் கஞ்சிரா வாசித்தார்.

அக்காலப் பதிவுமுறை பாட்டின் அமைப்பையே தீர்மானித்தது. தொடக்கத்தில் நடிகர் காமிராவுக்கு முன்னால் நின்றே பாட வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபலாக்காரரும் படத்தில் விழாத மறைவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். இசைத்தட்டுக்குப் பெரும்பாலும் அதே பாட்டைத் தனியாக மறுபடி பாடிப் பதிவார்கள். ஆகவே படத்தில் கேட்டதும் தட்டில் கேட்டதும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பத்தங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூட. கச்சேரியில் அரைமணி நேரம் விரியும் ராகத்தை அதற்குள் அடையாளம் காட்ட வேண்டும். சிவனுக்கு இது பெரிய இடைஞ்சலாக இருந்ததாகத் தோன்றவில்லை. பல்லவியின் முதல் எடுப்பிலேயே ராகத்தின் முகம் தெரிந்துவிடும். குறிலும் நெடிலும் தாளத்தில் உட்காரும் இடம் பிசகாது. சங்கீதம் படிக்காதவர்களும் அவற்றைத் தெருவில் முணுமுணுத்தது இதனால்தான்.

ஜாஸ் ஓங்கியிருந்த அதே காலத்தில் நியூயார்க்கில், சிவனைவிட இரண்டு வயது மூத்த இர்விங் பெர்லினும் சொல், மெட்டு இரண்டையும் தானே செய்தார். அங்கே பாட்டாசிரியரின் பெயரைத் தாங்கி வீட்டுக்கு வீடு போனது அச்சிட்ட இசைத்தாள். இங்கே அந்த வேலையைச் செய்தது கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். தட்டைக் கேட்டவர்களுக்கோ அது பாகவதர் பாட்டு, எம். எஸ். சுப்புலட்சுமி பாட்டு. எழுதியவரை நினைத்தவர் குறைவு.

1937 ஒரே ஆண்டில் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' என்ற இரு பெரும் வெற்றிகள், இரண்டிலும் சிவனின் பாட்டுகள். இரண்டிலும் நாயகன் மாயவரத்தில் பிறந்த பாகவதர். அந்தக் குரல் மேல் ஸ்தாயியில் எங்கே சுகமாக நிற்கும் என்பதைச் சிவன் துல்லியமாக அறிந்திருந்தார். 1938இல் எம். எஸ். சுப்புலட்சுமியின் முதல் படமான 'சேவாசதனம்', 1940இல் அவரும் ஜி. என். பாலசுப்பிரமணியமும் நடித்த 'சகுந்தலை', 1941இல் 'அசோக்குமார்', 1943இல் 'சிவகவி'. 'மீரா'வில் (1945) எழுத்தாளர் கல்கியும் சிவனும் சேர்ந்து எழுதினார்கள், மெட்டு எஸ். வி. வெங்கட்ராமனுடையது.

எல்லாவற்றுக்கும் மேலே 'ஹரிதாஸ்' (1944). சென்னை பிராட்வே கொட்டகையில் மூன்று தீபாவளி கண்ட படம். படம் வெளிவந்த சில வாரங்களிலேயே பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் பாகவதர் கைதானார். நாயகன் சிறையில் இருக்க, பாட்டு வெளியே ஓடிக்கொண்டிருந்தது. இதில் வரும் 'மன்மத லீலையை' சாருகேசி ராகம். தியாகய்யர் கீர்த்தனை வழியாகக் கச்சேரி ரசிகர்கள் மட்டுமே அறிந்திருந்த அந்த ராகத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது இந்தப் பாட்டே. பாட்டின் நடுவில் பாகவதர் தாசி ரம்பாவைப் பெயர் சொல்லி அழைக்க, ரம்பாவாக வரும் டி. ஆர். ராஜகுமாரி ஒரே சொல்லில் பதில் தருவார். கொட்டகையே அதற்காகக் காத்திருக்கும். அதே படத்தில், அதே நாயகன் மனம் திருந்திக் கண்ணனை அழைப்பது 'கிருஷ்ணா முகுந்தா', நவரோஜ் ராகம். பஜனை மடத்தில் பாடினாலும் பொருந்தும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சிருங்காரத்துக்கு ஒரு கை, பக்திக்கு ஒரு கை என்று வைத்துக்கொள்ளாத ஒருவர் தெரிவார். பின்னணி வாத்தியங்களை அமைத்த ஜி. ராமநாதனின் பங்கையும் இங்கே சொல்லாவிட்டால் கணக்கு நேராகாது.

சிவன் திரையில் தோன்றியதும் உண்டு. கே. சுப்பிரமணியம் இயக்கிய 'தியாகபூமி'யில் (1939) நெடுங்கரைச் சம்பு சாஸ்திரியாக நடித்தார். புயலில் வீடிழந்த சேரி மக்களுக்கு இடம் கொடுத்து ஊராரின் பகைக்கு ஆளாகும் தஞ்சை மிராசுதார் வேடம். நடிப்பில் பயிற்சி இல்லை, தேவையும் இருக்கவில்லை. பஜனைப் பாகவதராகவே வந்து போகிறார். டி. கே. பட்டம்மாள் இப்படத்துக்காகப் பாடிய தேசியப் பாட்டும் சேர்ந்துகொள்ள, ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது.

கச்சேரியில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்ட தமிழிசை இயக்கம் சூடுபிடித்த 1940களில், 'தமிழில் பாட உருப்படி எங்கே' என்று கேட்ட வித்துவான்களுக்குக் கையருகே இருந்த விடைகளில் ஒன்று, 1934 முதல் வெளிவந்த சிவனின் 'கீர்த்தனமாலை'. பாடகர் மதுரை மணி அய்யர் அவர் கீர்த்தனைகளைப் பாடிப் பரப்பினார். தட்டில் கேட்ட பாட்டு மேடைக்குப் போனதும் நடந்தது: 'சேவாசதன'த்தில் எம். எஸ். பாடிய இந்தோள ராகப் பாட்டு இன்று கச்சேரி உருப்படி. சினிமாவில் வந்தது என்பதே பலருக்குத் தெரியாது. அந்தப் படத்தின் பிரதியும் இன்று இல்லை. 'சிந்தாமணி'க்கும் அதே கதிதான். 'தியாகபூமி', 'ஹரிதாஸ்' பிழைத்திருக்கின்றன. தொலைந்த படங்களுக்குச் சேகரிப்பாளர்கள் காப்பாற்றிய அரக்குத் தட்டுகளும் பாட்டுப் புத்தகங்களும்தான் சாட்சி.

கலாக்ஷேத்திராவில் ஆசிரியராக இருந்த சிவன் சமஸ்கிருதச் சொற்களுக்கு அகராதி ஒன்றும் தொகுத்தார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1971இல் வந்தது. அப்போது அவருக்கு எண்பது கடந்துவிட்டது. அவர் பாட்டுகளைப் பாடிய மதுரை மணி அய்யர் முதலியோர் எப்போதோ அதைப் பெற்றிருந்தார்கள். மறு ஆண்டு பத்மபூஷண். 1973இல் சென்னையில் காலமானார்.