கிண்ணத்தின் அடியில் யார் பெயர்?



மகளுக்குக் கொலுசு வாங்கப் பட்டணத்துக்குப் போனால், "வெள்ளி சுத்தமானதுதானா?" என்று கடைக்காரரிடம் நாம் கேட்கிறோம் அல்லவா? இங்கிலாந்தில் இதற்குரிய பதிலைப் பாத்திரத்தின் மேலேயே அடித்துவிடுகிறார்கள். 1300ஆம் ஆண்டில் வந்த சட்டத்தில் தொடங்கிய வழக்கம் இது. நடக்கும் சிங்கத்தின் முத்திரை இருந்தால், ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனையும், நங்கூரம் பர்மிங்காமையும் குறிக்கும். பழைய பாத்திரங்களில் ஓர் எழுத்து ஆண்டைச் சொல்லும். செய்தவரின் தலைப்பெழுத்துகளும் பக்கத்தில் இருக்கும். பழைய வெள்ளி சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது இவற்றைத்தான்.

1925இல் பாரிஸ் மாநகரில் பெரிய அலங்காரக் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் பெயரிலிருந்து பிற்காலத்தில் வந்ததே 'ஆர்ட் டெக்கோ' என்னும் பெயர். நேர்கோடுகள், படிப்படியான விளிம்புகள், குறைந்த பூவேலை. இங்கிலாந்தில் இந்தப் பாணியில் பேர் வாங்கியவர்களுள் ஒருவர் எச்.ஜி. மர்ஃபி. எந்திரங்கள் பெருகிவிட்ட அந்தக் காலத்திலும் சில பட்டறைகள் கைவேலையை விடவில்லை.

கைவேலை என்றால் சும்மாவா? வெள்ளித் தகட்டை அடிக்க அடிக்க அது இறுகும். நெருப்பில் காய்ச்சி இளக்கி, மறுபடியும் அடிக்க வேண்டும். இப்படிப் பல முறை. ஒருமுறை பள்ளியில் பிள்ளைகளோடு தகரத்தில் கிண்ணம் செய்யப் பார்த்தோம். தகரம் நசுங்கியதுதான் மிச்சம்!

சுத்தியல் தடத்தை அழிக்காமல் விட்டால் கைவேலை என்று மதிப்பு. அதனால், எந்திரத்தில் செய்த பாத்திரத்திலும் அந்தத் தடத்தைப் போலியாகப் பதித்தவர்கள் உண்டு.

அந்நாளில் லண்டனில் பெரும்புகழ் பெற்ற வெள்ளிப் பட்டறைக்காரர் ஓமர் ராம்ஸ்டன். 1873இல் பிறந்து 1939இல் மறைந்தவர். அவருடைய பாத்திரங்களில் லத்தீன் மொழியில் ஒரு வாசகம் இருக்கும். "ஓமர் ராம்ஸ்டன் என்னைச் செய்தார்" என்பது அதன் பொருள். இன்றும் அதைப் பார்த்தே அதிக விலை கொடுக்கிறார்கள். ஆனால், ராம்ஸ்டன் சுத்தியல் பிடித்தது அபூர்வம். வேலையை ஏற்றதும், மேற்பார்வை செய்ததும் அவர். அடித்ததும் செதுக்கியதும் கூலிக்கு உழைத்த கைவினைஞர்கள். முத்திரை பட்டறை உடையவருடையது என்பதே சட்டம். ஆகவே அவர் பொய் சொன்னார் என்று நாம் சொல்லவில்லை. அந்த வாசகத்தில் பலருடைய கை மறைந்து போயிற்று, அவ்வளவுதான்.

அவர்களுள் ஒருவரை மட்டும் நமக்கு நன்றாகத் தெரியும். லெஸ்லி டர்பின் 1929இல், பதினாறு வயதில், அந்தப் பட்டறையில் வேலை பழகச் சேர்ந்தார். செதுக்கு வேலையில் தேர்ந்து ஏறக்குறைய பத்தாண்டுகள் அங்கே உழைத்தார். அந்த ஆண்டுகளின் பாத்திரங்களில் அவர் பெயர் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது அவர் விமானப் படையில் இருந்தார். ஸ்டாலின்கிராட் மக்களுக்கு ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஒரு வாளைப் பரிசளிக்க விரும்பியபோது, அதன் பொன், வெள்ளி வேலைக்காக அவரை அங்கிருந்து அழைத்து வந்தார்கள். 1943 நவம்பரில் தெஹ்ரானில் சர்ச்சில் அந்த வாளை ஸ்டாலினிடம் கொடுத்தார். இன்று அது வோல்கோகிராட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.