கைதி எழுதும் கடிதம்

திண்டுக்கல் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் எத்தனை உறுதியான பூட்டானாலும், உள்ளிருப்பவரே மனமுவந்து திறந்துவிட்டால் பயனில்லை. அப்படித் திறக்கவைக்கும் சாவி சொல். நகரிலும் சமவெளி ஊர்களிலும் இன்று அது கைபேசி வழியே வந்து சேர்கிறது.

இச்சாவி பழையது. பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டிய ஆண்டுகளில், சிறையில் இருந்தவர்கள் முன்பின் அறியாத செல்வந்தர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். தப்பியோடிய பிரபுவின் பணியாள் தான் என்றும், புதைத்துவைத்த பெட்டியை மீட்கச் சிறுதொகை வேண்டும் என்றும் அவை கெஞ்சின. குற்றவாளியாயிருந்து காவல் அதிகாரியான விதோக் (1775-1857) இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதுவே ‘ஸ்பானியக் கைதி’ மோசடி ஆயிற்று. சிறையில் வாடும் சீமானுக்குப் பெரும்பாலும் ஓர் இளம் மகளும் இருந்தாள். பணத்தாசையோடு காதலும் கடிதத்துக்குள் நுழைந்தது இப்படித்தான்.

இன்றைய கடிதத்தில் சீமானின் இடத்தில் வெளிநாட்டு மருத்துவரோ கப்பல் பொறியாளரோ இருக்கிறார். சில வாரங்களில் ‘நீங்கள்’ மறைந்து ‘நாம்’ வருகிறது. கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’, சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’ என்ற வேறுபாடு தமிழில் உண்டு. ‘நம் வீடு’ என்று தொடங்குவது ‘நம் ரகசியம்’ என்று முடியும்போது, உற்றார் அனைவரும் வெளியே நிறுத்தப்படுகிறார்கள். பிறகு பரிசுப் பொதி ஒன்று தில்லி விமான நிலையத்தில் சிக்கிக்கொள்கிறது. சுங்க அதிகாரியின் குரலில் வரி, அபராதம், கைது என்ற சொற்கள் வருகின்றன. கெஞ்சும் குரலும் மிரட்டும் குரலும் ஒரே கூட்டத்தினுடையவை. சுங்கத்துறை தனிநபர் கணக்கில் பணம் செலுத்தச் சொல்வதில்லை.

வரலாற்றின் கசப்பான திருப்பம் இனிமேல்தான். பழைய கடிதத்தில் கைதி கற்பனை. இன்றோ எழுதுபவரே கைதியாக இருக்கக்கூடும். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இணைய மோசடி வேலையில் வலுக்கட்டாயமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கூறியது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிச் சென்று மியான்மரில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் சிலர் 2022இல் மீட்கப்பட்டனர். அவர்களை வீழ்த்தியதும் இனிய சொற்களால் ஆன ஒரு விளம்பரமே.

நாமோ ‘ஏமாந்தாள்’ என்கிறோம். ‘ஏமாற்றப்பட்டாள்’ என்பதில் குற்றவாளி ஒருவன் இருக்கிறான். ‘ஏமாந்தாள்’ என்பதில் அவன் இல்லை, அவள் மட்டுமே நிற்கிறாள். அந்தச் சொல்லுக்கு அஞ்சியே பலர் 1930 என்ற உதவி எண்ணை அழைப்பதில்லை. மோசடிக்காரன் கேட்டுக்கொண்ட ரகசியத்தை, அவன் போன பிறகும் நம் சொல்லே காத்துத் தருகிறது.