சங்கிலித் தொழிலும் அதன் கல்வி மரபும்

அணிகலன் பலவற்றுள்ளும், கற்பான் ஒருவனுடைய கைத்திறத்தையும் பொறுமையையும் ஒருங்கே அளந்து காட்டுவது சங்கிலி. கல் பதித்த பதக்கத்தில் சிறு குறை நேரின், கல்லின் ஒளி அதனை மறைத்தலும் கூடும். சங்கிலியிலோ, நூற்றுக்கணக்கான கண்ணிகளுள் ஒன்று பிழைப்பினும் அணி முழுதும் கழுத்தினின்று அற்று வீழும். இத்தொழில் நம் பட்டறைகளில் எங்ஙனம் கற்பிக்கப்பட்டது, அம்மரபு எக்காலத்துத் தளர்ந்தது, இனி நாம் செய்யத்தக்கது யாது என்பவற்றை நம் விசுவகர்ம குலத்து இளைஞரும் தாய்மாரும் அறிதல் நலமாம்.

பொற்கம்பியை வளையமாக்கி, ஒன்றனுள் ஒன்றை மடித்துக் கோக்கும் முறை மிகப் பழையது. ஏறத்தாழ 4,500 ஆண்டுகட்கு முற்பட்ட சுமேரியரது ஊர் என்னும் நகரத்து அரச கல்லறைகளில் அவ்வாறு பின்னிய சங்கிலிகள் கிடைத்துள்ளன. நம் விருதுநகர் மாவட்டத்திலே, வைப்பாற்றங்கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022-ஆம் ஆண்டு தொடங்கிய அகழாய்வில் பொன்னாலாகிய சிற்றணிகள் வெளிப்பட்டன. மதுரைக்காஞ்சி, மதுரை அங்காடியைக் கூறுமிடத்துப் பொன்னணி புனைவோரையும், பொன்னை உரைத்து மாற்றுக் காண்போரையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகின்றது. மதுரைக்குத் தெற்கே, விருதுநகர்க்கு அணித்தாகிய மல்லாங்கிணற்றில் வாழும் நமக்கு அச்செய்தி அயலதன்று.

முதலாம் இராசராசன் (985–1014) தஞ்சைப் பெரிய கோயிற்கு வழங்கிய அணிகளைக் கல்வெட்டுக்கள் ஒவ்வொன்றாக நிறை கூறி எண்ணுகின்றன. பொன் ஆடவல்லான் என்னும் கல்லாலும், மணிகள் தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. கழஞ்சுக்கு 20 மஞ்சாடி, மஞ்சாடிக்கு 2 குன்றி என்பது அக்காலத்துக் கணக்கு. ஒரு குன்றிமணி எடையும் விடுபடாது கணக்குக் காட்டுதல் நம் தொழிலின் முதற் கடமையாயிருந்தது என்பதற்கு அக்கற்களே சான்று.

இனிப் பட்டறைக் கல்வியை நோக்குவோம். அஃது ஏடின்றிக் கண்ணாலும் கையாலும் கற்ற கல்வி. மாணாக்கன் முதலிற் பட்டறையைக் கூட்டுவான். தூளிலும் பொன் உண்டாதலின், அக்குப்பையையும் எறியாது சேர்த்து வைப்பான். பின்னர்க் குமுட்டியில் கரியிட்டு ஊதுகுழல் பிடிக்கப் பழகுவான். மூச்சை மூக்கால் வாங்கிக் கன்னத்தில் தேக்கி, இடையறாது குழல்வழி விடுதல் எளிதில் வாராது. மூச்சு மிகின் கண்ணி உருகும். குறையின் பொடி இளகாது மேலே நிற்கும்.

அடுத்துக் கம்பி இழுத்தல். உருக்கிய கட்டியைத் தட்டி நீட்டி, கம்பியச்சின் துளைகளிற் பெரியதிலிருந்து சிறியதாக ஒன்றன்பின் ஒன்றாக இழுப்பர். இழுக்குந்தோறும் பொன் இறுகுமாதலின், இடையிடையே தீயிற் காய்ச்சி இளக்குதல் வேண்டும். அக்கம்பியை இருப்புக் கோலிற் சுருளாகச் சுற்றி, நெடுக அறுத்தால் ஓரளவினவாகிய வளையங்கள் உதிரும். தொடக்கத்திற் பழகுவது செம்புக் கம்பியில். அதிற் கை தேர்ந்த பின்னரே வெள்ளியும் பொன்னும் தரப்படும்.

பின்னர் வருவது பற்றவைத்தல். பொன்னோடு வெள்ளியும் செம்பும் சிறிது சேர்த்தால் அக்கலவை பொன்னினும் முந்தி உருகும். அதனைப் பொடியாக்கி, வெண்காரத்தோடு வளையத்தின் வாயில் வைத்து ஊதுவர். பட்டறையிற் பொடி எனப்படும் இதனையே நூலோர் பற்றாசு என்றனர். நேரிசை வெண்பாவில் முதற் குறளையும் தனிச்சொல்லையும் இணைக்க இடையே இடும் அசைக்கு ஆசு எனப் பெயரிட்டு, பொற்கொல்லர் பற்றாசு இட்டுப் பொருத்துதலையே அதற்கு உவமையாகக் காட்டினர் யாப்பிலக்கண உரையாசிரியர். பாட்டின் இலக்கணத்திற்கு நம் பட்டறை ஒரு சொல் ஈந்தது என்பது நாம் மகிழத்தக்கதொன்று. பொருந்திய வளையங்களை நீளக் குவித்து, மடித்து, ஒன்றன் கண்ணில் மற்றொன்றைப் புகுத்திப் பின்னுவர். முடிந்த சங்கிலியை மரப்பலகைத் துளையில் இழுத்துச் சீராக்கி மெருகிடுவர்.

இங்ஙனம் வந்த மரபு 1963-இல் பேரிடியுற்றது. சீனப் போரின் பின்னர், அந்நியச் செலாவணியைக் காக்கவும் கள்ளக் கடத்தலைத் தடுக்கவும் கருதி, அவ்வாண்டு சனவரியில் மைய அரசு பொற்கட்டுப்பாட்டு விதிகளை இயற்றிற்று. 14 காரட்டுக்கு மேற்பட்ட பொன்னில் புதிய அணி செய்தல் தடுக்கப்பட்டது. 22 காரட்டுப் பொன்னிலே தாலிக்கொடி செய்து பழகிய நாட்டில் 14 காரட்டை விரும்புவார் அரியர். பட்டறைகள் அவிந்தன, வறுமையால் உயிர் நீத்த பொற்கொல்லரும் உளர். 1966-இல் காரட்டு வரம்பு நீங்கினும், 1968-இல் பொற்கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்து, 1990-இலேதான் ஒழிந்தது. 27 ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. தந்தையர் பலர் மக்களை வேறு வேலைக்கு அனுப்பினர். கையிலிருந்து கைக்குச் செல்லும் கல்வி ஒருமுறை கை மாறாது நின்றால், மீண்டும் தொடுத்தல் அரிது. பின்னர் இயந்திரச் சங்கிலி வந்து, குறைந்த பொன்னிற் பெருகிய நீளத்தை விரைந்து தந்தது. 2021 சூன் முதல் நாட்டின் 256 மாவட்டங்களில் தர முத்திரை கட்டாயமாகி, அதன்பின் மேலும் விரிந்தது. வாங்குவோர்க்கு அது காப்பு; சிறு பட்டறைக்கோ மேலும் ஒரு செலவு.

இனிச் செய்யத்தக்கது யாது? பழையபடி சிறாரைப் பட்டறையில் அமர்த்துக என்பது எம் கருத்தன்று. தீப்பெட்டித் தொழிலிற் சிறார் பட்ட துயரைக் கண்ட நம் மாவட்டத்தார்க்கு அதனை விரித்துரைத்தல் வேண்டா. பள்ளிக் கல்வி முதலாவதாக நிற்க. அதன்பின், விரும்பி வரும் இளைஞர்க்கு, ஆண் பெண் வேறுபாடின்றிச் செம்புக் கம்பியிலே தொழில் கற்பிக்க முதியோர் முன்வருக. ஆனந்த குமாரசாமி 1908-இல் வெளியிட்ட நூலில் இலங்கைக் கைவினைஞரின் தொழில்முறைகளை எழுதி வைத்ததுபோல், நம் இல்லங்களிலுள்ள படித்த பிள்ளைகள் பாட்டனாரிடம் அமர்ந்து, கருவிகளின் பெயரையும் செய்ம்முறையையும் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுக. தளர்ந்த கண்ணியைக் கண்டவுடன் பொடி வைத்து ஊதுதல் பொற்கொல்லன் இயல்பு. முதியோர் நம்மிடையே உள்ளபோதே அதனைச் செய்தல் நம் கடன்.