கறுவாவும் எம் கரையோரமும்

கறுவா இன்றி எம்மவர் வீடுகளில் நெய்ச்சோறும் இல்லை, புரியாணியும் இல்லை. நோன்புக் கஞ்சிக்கும் ஏலம், கராம்பு, ரம்பையோடு ஒரு துண்டு கறுவாப்பட்டை போடுவோர் பலர். அன்றாடம் புழங்கும் இப்பொருளின் வரலாற்றில் கதை எது, ஆதாரம் எது எனப் பிரித்தறிவது அவசியம்.

பிர்அவ்ன்களின் எகிப்துக்கு அரபிகள் இலங்கைக் கறுவாவைக் கொண்டு சென்றார்கள் என்று மேடைகளில் பெருமையோடு சொல்லப்படுவதுண்டு. அதற்கு உறுதியான சான்று இல்லை. பெரும் பறவைகள் கறுவாக் குச்சிகளால் கூடு கட்டுவதாகவும், அரபிகள் தந்திரமாக அவற்றை எடுப்பதாகவும் கி.மு. 5ஆம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் எழுதினார். வாங்கியோர் விளைநிலத்தை அறிந்திருக்கவில்லை என்பதே இதிலிருந்து தெரிவது. பாரசீகரின் 'தார்சீனி' என்ற பெயரோ 'சீன மரம்' என்றே பொருள்படும்.

இலங்கையின் பெயர் கறுவாவோடு தெளிவாகச் சேர்வது 13ஆம் நூற்றாண்டில்தான். 1283இல் முதலாம் புவனேகபாகு, எகிப்தின் மம்லூக் சுல்தான் கலாவூனிடம் தூதனுப்பி வர்த்தக உறவு வேண்டினான். அவன் தன்னிடம் இருப்பதாகச் சொன்ன பொருட்களில் முத்து, மாணிக்கம், யானைகளுடன் கறுவாவும் இடம்பெற்றது. 1344இல் இங்கு வந்த இப்னு பதூதா, வெள்ளம் அடித்து வந்த கறுவாக் கட்டைகள் புத்தளக் கரையில் குன்றுபோல் குவிந்து கிடந்ததைப் பதிவு செய்கிறார். மஃபர், மலபார் மக்கள் விலை கொடாமல், மன்னனுக்குத் துணி போன்றவற்றை அன்பளிப்பாக வழங்கி, அவற்றை ஏற்றிச் சென்றனராம்.

இவ்வுறவை முறித்தது 1505இல் வந்த போர்த்துக்கேயரின் ஏகபோக ஆசை. வாணிபப் போட்டியும் மதப் பகையும் சேர்ந்து, 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்ற உத்தரவிட்டனர். கண்டி மன்னன் செனரத் அவர்களை ஏற்று, ஒரு பகுதியினரை மட்டக்களப்புப் பிரதேசத்தில் குடியமர்த்தினான். கிழக்கின் குடிவரலாற்றில் கறுவாவின் பங்கு இவ்வளவு ஆழமானது.

1658இல் போர்த்துக்கேயரை முற்றாக விரட்டிய ஒல்லாந்தர், அதே ஏகபோகத்தை மேலும் இறுக்கினர். கறுவா மரத்தைக் களவாக வெட்டியோருக்கு மரண தண்டனையும் விதித்தனர். காட்டில் உரித்த கறுவாவை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டப் பயிராக்கினர். கொழும்பின் கறுவாத்தோட்டம் என்ற பெயர் அதன் எச்சம். ஆங்கிலேயர் காலத்தில் 1833இலேயே ஏகபோகம் ஒழிந்தது.

2022இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கைக் கறுவாவுக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. மரத்தின் பிறப்பிடம் பதிவாகிவிட்டது. அதைக் கப்பலேற்றியவர்களின் கதை பதிவாகவில்லை. அரபுப் பயணக் குறிப்புகளை மூலத்திலிருந்து தமிழாக்குவதும், கிழக்கூர்களில் மூத்தோர் சொல்லும் குடியேற்றக் கதைகளைத் திரட்டுவதும் எம் இளம் ஆய்வாளர்கள் உடன் தொடங்க வேண்டிய பணிகள்.