ஒரே பொம்மை, இரண்டு பேரேடு

பேரனின் பிறந்தநாளுக்கு ஐந்து சிங்கங்கள் சேர்ந்து ஒரு ரோபோவாகும் பொம்மை வந்தது. பெயர் வோல்ட்ரான். கறுப்புச் சிங்கம் உடம்பு; சிவப்பும் பச்சையும் கைகள்; நீலமும் மஞ்சளும் கால்கள். மாட்டத் தெரியாமல் அரை மணி நேரம் போராடினேன். வங்கியில் கணக்கு சரிபார்த்த பழக்கம் விடுமா? இது எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன்.

தொடக்கம் ஜப்பானில். 1974-ல் வந்த 'கெட்டர் ரோபோ' கார்ட்டூனில் மூன்று விமானங்கள் ஒன்றுசேர்ந்து ரோபோவாகும். ஆனால் திரையில் அவை ரப்பர் போல நீண்டு வளைந்தன. பொம்மையில் அது நடக்கவில்லை. 1976-ல் 'காம்பாட்லர் வி' வந்தது. அதன் ஐந்து வண்டிகள் திரையில் சேர்வதுபோலவே கையிலும் சேர்ந்தன. பண்டாய் நிறுவனத்தைச் சேர்ந்த பாப்பி செய்த பொம்மை அது. 1981-ல் டோயே நிறுவனத்தின் 'கோலயன்' தொடரும், அதன் உலோகச் சிங்கங்களும் வந்தன. 'கோ' என்றால் ஜப்பானிய மொழியில் ஐந்து.

1984-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரைச் சேர்ந்த 'வேர்ல்ட் ஈவன்ட்ஸ் புரொடக்‌ஷன்ஸ்' கோலயனை வாங்கியது. 15 வண்டிகள் சேரும் 'டைரகர்' என்ற இன்னொரு தொடரையும் வாங்கி, இரண்டுக்கும் ஆங்கிலக் குரல் கொடுத்து 'வோல்ட்ரான்' என்று ஒரே பெயரில் ஒளிபரப்பியது. கடைகளில் மேட்ச்பாக்ஸ் மூன்று வகை வோல்ட்ரான் விற்றது. அதில் ஒரு வகையின் கதை டிவியில் வரவே இல்லை. சிங்கங்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, அதற்குப் பதிலாக 20 புதிய சிங்கக் கதைகளை எடுத்துவிட்டார்கள்.

பொம்மை இரு நாட்டிலும் ஒன்றுதான். கதைதான் வேறு. ஜப்பானியக் கதையில் வீரர்கள் ஊர் திரும்பும்போது அணு ஆயுதப் போரில் பூமியே அழிந்திருக்கும். அமெரிக்கக் கதையில் பூமி பத்திரம். ஜப்பானில் நீலச் சிங்கத்தை ஓட்டியவர் இறந்துவிடுவார். பிறகு அவர் தம்பி வருவார். அமெரிக்காவிலோ, அவர் சிகிச்சைக்காக வேறு கிரகத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். தம்பி வரும் காட்சியில், 'இதோ, அவரே குணமாகித் திரும்பிவிட்டார்' என்று சமாளித்தார்கள்.

நான் படித்த பி.காம். பாஷையில் சொன்னால், ஜப்பான் நட்டத்தை நட்டமாகவே எழுதியது. அமெரிக்கா அதையே வரவேண்டிய பாக்கியாகக் காட்டியது.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. போன வருடம் இவன் பாட்டி காலமானபோது, "பாட்டி ஆஸ்பத்திரியில இருக்கா" என்றுதான் நாங்களும் சொன்னோம். மூன்று வாரம், லிஃப்ட் சத்தம் கேட்டபோதெல்லாம் வாசலுக்கு ஓடினான். அதைப் பார்க்கப் பொறுக்காமல் உண்மையைச் சொன்னேன். அன்று முழுக்க அழுதான். அதற்குப் பிறகு லிஃப்டுக்கு ஓடவில்லை.

அதனால் நீலச் சிங்கத்தின் கதையை மறைக்காமல் சொன்னேன்.

"அப்போ இப்ப யாரு ஓட்டறா தாத்தா?"

"இளவரசி ஓட்டறா."

"சரி" என்று நீலக் காலை எடுத்து மாட்டினான். எனக்கு அரை மணி நேரம் பிடிவாதம் காட்டியது, அவனுக்கு ஒரே அழுத்தில் உட்கார்ந்தது.