மலையொலியும் சரக்குவண்டியும்

மலைக்கு ஓசையுண்டு என்பதைக் கூர்ந்து கேட்டு இலக்கியம் ஆக்கியவர் தமிழர். பத்துப்பாட்டுள் இறுதியாக வைக்கப்பெற்ற மலைபடுகடாத்தில், நன்னனது மலையில் எழும் பல்வேறு ஒலிகளைப் பெருங்கௌசிகனார் வரிசைப்படுத்துகிறார். அருவியின் ஆரவாரத்தோடு தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டும் அங்கே இடம்பெறுகிறது. இயற்கையின் ஒலிக்கு நிகராக உழைப்பின் ஒலியையும் புலவர் மதித்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

அத்தகைய செவி கொண்டு சிங்கப்பூரின் கிளமெண்டி வட்டாரத்தை அணுகினால், அங்கும் கேட்டு அடங்கிய ஓர் உழைப்பின் ஒலி உண்டு. அது டீசல் இஞ்சின் பூட்டிய சரக்குவண்டியின் ஒலி.

சிங்கப்பூரின் இருப்புப்பாதை 1903ஆம் ஆண்டில் தொடங்கியது. ஜோகூர் கடற்பாலத்தின் மீது 1923இல் முதலில் சென்றவை சரக்குவண்டிகளே; பயணிகள் வண்டி சில நாள்கள் கழித்தே சென்றது. 1932இல் பாதை மேற்கே மாற்றியமைக்கப்பட்டு, தஞ்சோங் பகார் நிலையம் திறக்கப்பட்டது. அப்புதிய பாதை 163 மீட்டர் உயரமுள்ள புக்கிட் தீமா குன்றின் அடிவாரத்தை ஒட்டி வடக்கே சென்றது. குன்று சிறிதுதான், ஆயினும் சமநிலமே மிகுந்த இத்தீவில் அதுவே மிக உயர்ந்தது.

ஜூரோங் தொழிற்பேட்டை எழுந்த 1960களின் நடுவில், புக்கிட் தீமா நிலையத்திலிருந்து ஜூரோங்கிற்கு ஒரு கிளைப்பாதை இடப்பட்டது. இது சரக்கிற்காக மட்டுமே அமைந்த பாதை. கிளமெண்டி சாலைக்கு அடியில் சிறு சுரங்கம் வழியாகப் புகுந்து, காட்டையும் மேட்டையும் கடந்து, உலு பாண்டான் கால்வாயின் மேல் இரும்புப் பாலத்தில் ஏறி அது மேற்கே சென்றது. 1970களில் கிளமெண்டி புதுநகர் எழுந்தபோது, அடுக்குமாடி வீடுகளில் குடியேறியவர்களுக்கு அவ்வண்டியின் ஓசை அண்டை வீட்டுக் குரல்போல் ஆயிற்று.

டீசல் வண்டியின் ஓசைக்குத் தனி இலக்கணம் உண்டு. நீராவி இஞ்சினின் புகைப்போக்கியில் எழும் ஒலி சக்கரத்தோடு பிணைந்தது. சக்கரம் மெல்லச் சுழன்றால் ஒலியும் இடைவிட்டு வரும். டீசல் மின் இஞ்சினிலோ எண்ணெயில் இயங்கும் பொறி மின்னாக்கியைச் சுழற்றுகிறது. அம்மின்சாரம் அச்சுகளில் உள்ள மோட்டார்களை இயக்குகிறது. ஆகவே பொறியின் வேகம் வேறு, சக்கரத்தின் வேகம் வேறு. ஏற்றத்தில் வண்டி ஆமைபோல் ஊர்ந்தாலும் பொறி முழு வலிமையோடு முழங்கும்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. சமதரையில் ஒரு டன் எடையை இரும்புப் பாதையில் மெல்ல இழுத்துச் செல்ல, இரண்டு மூன்று கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசையே போதும். நூறு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில், டன்னுக்கு மேலும் 10 கிலோகிராம் அளவு விசை வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அச்சரிவைச் செவி அறிந்துவிடும். இஞ்சினின் முழக்கம் ஏற்றத்தைச் சொல்லும்; பெட்டிகளின் இணைப்புகள் மோதும் ஓசை இறக்கத்தைச் சொல்லும்; சக்கரத்தின் கீச்சொலி வளைவைச் சொல்லும். நிறை வண்டியோ வெற்று வண்டியோ என்பதையும் பழகிய செவி பிரித்தறியும்.

இவ்வறிவு தொழிலாளரிடத்தே தொழில்நுட்பமாகவே விளங்கியது. சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, அதன் நாதத்தைக் கொண்டு விரிசலை அறிவது உலகெங்கும் இரயில்வேயில் நிலவிய முறை. மலாயா இரயில்வேயில் பாதை இட்டு, சல்லி பரப்பி, கட்டைகளை மாற்றியவருள் தமிழர் பெருந்தொகையினர். நிலையங்களிலும் அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணியாற்றினர். 1932இல் குவீன்ஸ்வே அருகே பாதையோரம் இரயில்வே தொழிலாளர் முனீஸ்வரருக்கு ஒரு சிறு குடில் எழுப்பினர். காவல் தெய்வத்தைத் தண்டவாளத்தின் அருகே நிறுத்தியவர்க்கு, அப்பாதை கூலிக்கான இடம் மட்டும் அன்று, வாழ்விடமும் ஆகும். அக்கோயில் 1998 முதல் காமன்வெல்த் டிரைவில் விளங்குகிறது.

சாலைகள் விரிந்து லாரிகள் பெருகவே, ஜூரோங் கிளைப்பாதையில் 1990களின் தொடக்கத்தில் போக்குவரத்து நின்றது. முதன்மைப் பாதையிலோ 2011 ஜூன் 30 வரை வண்டிகள் ஓடின. புக்கிட் தீமா நிலையத்தில், வளையத்தில் கோத்த அனுமதிச் சாவியை நிலைய அதிபரும் ஓட்டுநரும் கைமாற்றிக்கொள்ளும் பழைய வழக்கமும் அன்றோடு முடிந்தது.

சிங்கப்பூர் இப்பாதையை மறக்கவில்லை. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை, இரயில் பசுமைத்தடமாக மக்கள் நடக்கும் வழியாயிற்று. புக்கிட் தீமா நிலையக் கட்டடம் காக்கப்பட்டது. கிளமெண்டிக் காட்டில் பழைய தண்டவாளத்தின் எச்சங்கள் செடிகொடிகளிடையே கிடக்கின்றன. உலு பாண்டான் பாலத்தில் இன்று மக்கள் நடக்கின்றனர்.

எனினும் காக்கப்பட்டவை இரும்பும் செங்கல்லுமே. கல்லைத் தட்டிச் சமன்செய்த கையின் பெயர் பாலத்தில் இல்லை; தொலைவில் வரும் வண்டியின் எடையை ஓசையால் அளந்த செவியின் அறிவு எந்த நிலையத்திலும் காட்சிக்கு வைக்கப்படவில்லை. அவ்வறிவு முதியோர் சிலரின் நினைவில் மட்டும் எஞ்சியுள்ளது. மண்டோர், சல்லி, கட்டை என அவர்கள் வழங்கிய தொழிற்சொற்களும் அவர்களோடு மறையும் நிலையில் உள்ளன.

நன்னனது மலை ஒலித்ததைப் புலவர் ஒருவர் எழுதி வைத்தமையால், தினை குற்றிய மகளிரின் பாட்டு ஒன்று இருந்தது என்பதை இன்றைய மாணவர் அறிகின்றனர். பாதையோரத்து முதியவரிடம் சென்று, வண்டி எவ்வாறு ஒலித்தது என்று ஒரு மாணவன் கேட்பானாயின், அவர் முதலில் இஞ்சினைப் பற்றிச் சொல்வார்; பின்னர்த் தம்மோடு உழைத்தவர்களின் பெயர்களைச் சொல்வார். அப்பெயர்களை ஏட்டில் எழுதிக்கொள்ளும் நாளில், இச்சிறு குன்றிற்கும் ஒரு மலைபடுகடாம் தொடங்கும்.